அட்டையில் ஒரு பொட்டு

ஐந்து மாடி ஏறுவதற்குள் ரோல்ஸ் ஆறிவிடும். ஆறின ரோல்ஸை ழான்-லூக் தொடமாட்டார். அதனால் அடுப்படியில் பொரித்து எடுத்த கையோடு துவாயில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் படியேறுவேன். மதாம், என்னைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கெடுதல் நினைக்கிறவன் இவ்வளவு பார்க்கமாட்டான்.

என் பிரெஞ்சு அன்றாடப் பேச்சுக்குத்தான் காணும். உங்கள் விசாரணையில் வாயால் சொன்னால் மொழிபெயர்க்கும் மிருணாளினித் தங்கச்சி ஒவ்வொரு சொல்லுக்கும் என் முகத்தைப் பார்க்கிறார். பாவம், சின்னப் பெண். அதனால்தான் தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் ஆறுதலாக, நேரமெடுத்துப் பிரெஞ்சில் மாற்றட்டும். அன்றைக்கு வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றியே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

என் பெயர் தர்மராசா. பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடுகிற லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டிபானை கழுவுகிறேன். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் நானும் மனைவி ரதிதேவியும் குடியிருக்கிறோம். ஐந்தாம் மாடியில் ழான்-லூக் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கியவர், நெஞ்சு வருத்தக்காரர். லிஃப்ட் இல்லாத கட்டடம் என்பதால் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். சாப்பாடு, பாண், மருந்து எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதற்காக அவரிடம் ஒரு சதம் வாங்கியதில்லை. எனக்கு அவரில் உண்மையான விருப்பம் இருந்தது.

அந்த அட்டையை அவராகத்தான் எனக்குக் காட்டினார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படைமுகாமில் சமையல்காரராக இருந்தாராம். சிப்பாய் ஒருவன் சூயிங்கத்தோடு வந்த அட்டையைச் சிறுவன் ழான்-லூக்கிடம் கொடுத்திருக்கிறான். பேஸ்போல் விளையாடும் ஒருவரின் படம். நீலப் பின்னணி, மஞ்சள் மட்டை, மேலே எங்கேயோ பார்க்கும் கண்கள். பெயர் மிக்கி மான்டில், அச்சடித்த ஆண்டு 1952. சிறுவன் அதைப் பெரிய தேசப்படப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டான். எழுபது ஆண்டுகளாக அது வெயில் படாமல், முனை மழுங்காமல் அங்கேயே இருந்தது.

ஏதோ பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இதே அட்டை ஒன்று 2022இல் அமெரிக்காவில் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டொலருக்கு ஏலம் போனது என்றார். சிகரெட் பெட்டியில் வந்த இன்னும் பழைய அட்டை ஒன்றுக்கு எழுபத்திரண்டரை இலட்சம் கொடுத்தார்களாம். ஒரு முனை மழுங்கினால் விலை பாதியாகும். நடுவில் மடிப்பு விழுந்தால் ஒரு பழைய கார் வாங்கத்தான் காணும். படம் சட்டத்துக்கு நடுவில் இல்லாமல் ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் அதற்கும் விலை குறையும். அவருடையதில் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய கோடு இருந்தது. அப்படியிருந்தும் புறநகரில் ஒரு வீடு வாங்கலாம் என்றார்.

"விற்கலாமே?" என்று கேட்டேன்.

"விற்றால் நான் வெறும் கிழவன்," என்றார். "நான் போன பிறகு நீ எடுத்துக்கொள், தர்மா."

இதை அவர் ஒருமுறை அல்ல, பலமுறை சொன்னார். ஆகவே களவு என்ற சொல்லை நீங்கள் பாவிக்கும்போது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

மார்கழியில் என் தம்பி நிஷாந்தன் முல்லைத்தீவிலிருந்து பிரான்ஸுக்கு வர வெளிக்கிட்டான். அவனை நான்தான் கூப்பிட்டேன். பெலாரஸ் எல்லையில் ஏதோ ஒரு காட்டுவீட்டில், ஆட்களை எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரர்கள் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பேசிய காசுக்கு மேல் இன்னும் இருபதாயிரம் யூரோ கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவனைப் பேச வைத்தார்கள்.

"அண்ணை, என்ரை கால் விறைச்சுப் போச்சு. இவங்கள் சாப்பாடும் தாறாங்களில்லை. என்னை விட்டிடாதை அண்ணை."

லாச்சப்பலில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. நகைக்கடை முதலாளி தேத்தண்ணி வாங்கித் தந்து அனுப்பினார். கோயிலில் அர்ச்சனை செய்யச் சொன்னார்கள். சீட்டுப் பிடிக்கிறவர் என்னைத் தூரத்தில் கண்டதும் மெத்ரோவுக்குள் இறங்கி மறைந்தார். ரதியின் தாலிக்கொடியை விற்று அனுப்பினோம். அது கிடைத்ததும் மீதி எங்கே என்று கேட்டார்கள். இரவில் எனக்கு நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை. கழுவுகிற சோற்றுக் கோப்பையெல்லாம் தம்பி சாப்பிடாத கோப்பையாகத் தெரிந்தது.

ழான்-லூக்கிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேசை லாச்சியைத் திறந்து அதில் கிடந்த முந்நூறு யூரோவையும் எடுத்து நீட்டினார். தேசப்படப் புத்தகத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் படியிறங்கும்போது, மனிதர் போன பிறகு எனக்கு வரப்போவது இப்போதே வந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று யோசித்தேன். அந்த யோசனையில் இன்றுவரைக்கும் எனக்குப் பிழை தெரியவில்லை.

நெஞ்சு வலிக்கும்போது அவர் நாக்குக்கு அடியில் ஒரு மருந்தை விசிறிக்கொள்வார். கைக்கு அடக்கமான சின்னக் குப்பி. அது முடிந்துவிட்டது, புதியது வாங்கி வா என்று மருந்துச் சீட்டைத் தந்தார். அன்றைக்கே போய் வாங்கினேன். வாங்கி ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். மேலே போய், "இருப்பு இல்லையாம், நாளைக்கு வருமாம்," என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். ரோல்ஸ் சுற்றிய துவாயும் அந்தக் குப்பியும் ஜாக்கெட்டுக்குள் அருகருகே இருந்தன. மருந்துக்கடைக்காரர்களின் சோம்பலைப் பற்றி அவர் வேடிக்கையாகப் பேசினார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதற்கிடையில் நான் வேறொன்றும் செய்துகொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் ஏல விலைகளைப் பார்ப்பேன். முதலில் இருபதாயிரம் தேறுமா என்று மட்டும் பார்த்தேன். பிறகு தம்பிக்குப் போக மீதி எவ்வளவு என்று பார்த்தேன். திரான்சியில் ஒரு வீடு, ரதிக்குப் பழையதைவிடப் பாரமான தாலிக்கொடி, எனக்கென்று ஒரு கடை. கோப்பை கழுவும்போது அதன் பூ நடுவில் இருக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. மனம் ஓய்வாக இருக்க ஏதாவது வேண்டும்தானே.

அன்று மத்தியான வேலை முடிந்து, இரவு வேலைக்கு முன் கிடைக்கிற இடைவேளையில் மேலே போனேன். பாதி ரோல்ஸ் சாப்பிட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"தர்மா, மருந்து வந்ததா?"

"நாளைக்கு வருமாம்."

கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய தொலைபேசியை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன், தட்டுப்பட்டு விழாமல் இருக்கட்டும் என்று. அவர் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். அவருடைய விரல்கள் குப்பி இருந்த இடத்திலேயே பட்டுக்கொண்டிருந்தன. அது அவருக்குத் தெரியாது. நான் அந்தக் கையை மெதுவாக எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். முடியும் வரைக்கும் விடவில்லை. அவர் தனியாகச் சாகவில்லை என்பதைத் தயவுசெய்து குறிப்பிடுங்கள். பிறகு அவசர சேவைக்கு அடித்தேன். நிதானமாகவும் தெளிவாகவும் பேசுகிறீர்கள் என்று அந்தப் பெண் என்னைப் பாராட்டினாள்.

வயதான நெஞ்சு வருத்தக்காரர் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைக் கண்ணாடி உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ழான்-லூக் தந்துவிட்டுப் போனார், இனி எங்களுக்கு நல்ல காலம் என்று ரதியிடம் சொன்னேன். அது வெள்ளிக்கிழமை. வேலையால் திரும்பி வந்தபோது சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் அட்டை இருந்தது. உறையைக் கழற்றிவிட்டு, மிக்கி மான்டிலின் நெற்றியில் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். எங்கள் விசா அட்டைக்கும் வீட்டுப் பூட்டின் திறப்புக்கும் வைத்த அதே பொட்டு.

"இஞ்சை பாருங்கோ, வீட்டுக்கு வந்த லட்சுமி. பொட்டு வைக்காமல் விடலாமே?" என்றாள்.

எண்ணெய் கலந்த சந்தனம். அட்டைக்குள் ஊறிவிட்டது. ஈரப் பஞ்சால் ஒற்றினேன், இன்னும் பரவியது. குந்தியிருந்து அழுதேன். அந்த மாதத்தில் நான் அழுதது அப்போதுதான். ழான்-லூக் செத்தபோது அழவில்லை என்பது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

அப்படியும் கொஞ்சமாவது தேறும் என்று ஆன்ஜெலிக் என்ற அட்டை வியாபாரியிடம் கொண்டுபோனேன். அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன, இரத்தமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. குங்குமம் என்றேன். அவள் கண்ணாடியை மூலைக்கு நகர்த்தினாள். அந்த மெல்லிய கோடு அவளுக்குத் தெரிந்த கோடு. பல ஆண்டுகளுக்கு முன்பே ழான்-லூக் அட்டையைக் காட்டி விலை கேட்டிருக்கிறார்.

"உயிரோடு இருக்கும்வரை அவர் இதைத் தரமாட்டாரே," என்றாள்.

"ஓம். தரவில்லை," என்றேன்.

உள்ளே போய் உங்களுடைய பொலிஸ் ஆட்களை அழைத்தாள். அவர்கள் என் ஜாக்கெட்டில் குப்பியைக் கண்டெடுத்தார்கள். உறை பிரிக்காத புது மருந்து, யாருக்காவது உதவும் என்று எறியாமல் வைத்திருந்தேன். வாங்கிய திகதி மருந்துக்கடையில் இருக்கிறது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. அவர் செத்த அன்று மத்தியானம், நான் கடைசிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. தெரியாத இலக்கம். நிஷாந்தன் பேசினான்.

"அண்ணை, நான் தப்பியிட்டன். பொலிஸ் வந்து எல்லாரையும் பிடிச்சுக்கொண்டு போலந்திலை ஒரு அகதிக் காம்பிலை விட்டிருக்கு. சாப்பாடு தாறாங்கள், டொக்டர் காலைப் பார்த்தவர். இனி ஒருத்தருக்கும் காசு குடுக்கத் தேவையில்லை அண்ணை. கேக்குதோ?"

"ஓம், கேக்குது," என்றேன்.

கையைத் துடைத்தேன். ரோல்ஸைத் துவாயில் சுற்றினேன், ஐந்து மாடியும் ஏறினேன். மருந்து வந்ததா என்று அவர் கேட்டபோது, கையை உள்பைக்குள் விட்டிருந்தால் போதும். நான் விடவில்லை.

தம்பி இன்னும் அந்தக் காம்பில்தான் இருக்கிறான். யாராவது அவனோடு பேசினால், அண்ணன் எல்லாவற்றையும் அவனுக்காகத்தான் செய்தான் என்று சொல்லிவிடுங்கள்.