வெள்ளைக்காரம்மா அனுப்பிய கார்

மொழிபெயர்க்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, சார். பேசுகிறவருக்கு சோடா உடைத்துக் கொடுப்பார்கள். கேட்கிறவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் டீ உண்டு. நடுவில் நின்று தொண்டை வற்றக் கத்துகிறவன் குழாயடியைத் தேடிப் போக வேண்டியதுதான். நீங்கள் கேட்காமலே டம்ளரை என் பக்கம் நகர்த்தினீர்கள். அதற்காகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சாபிரா டீச்சர் என்மேல் உங்களிடம் கொடுத்த மனுவில் இருப்பது அத்தனையும் சரி. ஆனால் அவர் துக்க வீட்டில் நடந்ததை மட்டும்தான் பார்த்தார். அதற்கு முன்னால் மில்லில் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நான்.

அப்பாவுக்குத் தேனி பஜாரில் துணிக்கடை. எங்கள் சபைக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம் பண்ண யார் வந்தாலும், அரை அடி தள்ளி நின்று தமிழில் சொல்வது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வேலை. அவர் கையைத் தூக்கினால் நானும் தூக்க வேண்டும். அவர் குரல் தழுதழுத்தால் என் குரலும் தழுதழுக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் நரகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, பெண் வீட்டார் முகம் வாடிவிட்டது. பாதி நரகத்தை நான் குறைத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு சாப்பிடப் போனார்கள். தன் செய்தி உள்ளங்களைத் தொட்டுவிட்டது என்று பெரியவரும் என் முதுகில் தட்டினார். யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர், ஆண்டிபட்டி ரோட்டில் இருக்கும் நூல் மில்லின் மேனேஜர் வேலுச்சாமி. இது 2006-இல். நான் பி.ஏ. கடைசி வருடம்.

அந்த மில் நூல்தான் வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனிக்குப் பனியனாகப் போகிறது. அந்த மில்லில் குழந்தைகள் வேலை பார்ப்பதாக அந்த நாட்டுப் பேப்பரில் வந்துவிட்டதாம். நேரில் பார்த்துவர அந்தக் கம்பெனி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியை அனுப்பியிருந்தது. அவருக்காகச் சென்னையிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லையென்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. மேனேஜர் முகத்தில் அதற்கான வருத்தமும் இல்லை.

"தம்பி, நீங்க பொய் எதுவும் சொல்ல வேணாம்," என்றார். "அந்தம்மா மனசு நோகாமப் பேசுங்க. ஆர்டர் போச்சுன்னா இங்கன அத்தன குடும்பமும் தெருவுக்கு வந்துரும்."

நல்ல மனிதர். என்னிடம் பொய் கேட்கவில்லை. அது என் சொந்தக் கைவரிசை.

மேனேஜர் அறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, மில்லில் வேலை பார்த்த பூமாரியை உள்ளே அனுப்பினார்கள். மயிலாடும்பாறைப் பிள்ளை. தாவணி கட்டிவிட்டிருந்தார்கள், முந்தானையை எங்கே செருகுவதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தது. வயதைக் கேட்டதும் பதினெட்டு என்று ஒப்பித்தது. உடனே இருமல் வந்துவிட்டது. மேனேஜரை வெளியே போகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணி கதவைச் சாத்தினார். பயப்பட வேண்டாம் என்றும், சின்னப்பிள்ளை என்றால் தானே வீட்டுக்கு அனுப்பிவைப்பதாகவும், சேரவேண்டிய பணம் முழுதும் வந்துசேரும் என்றும் சொன்னார். இதை நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். குறித்துக்கொள்ளுங்கள் சார்.

பூமாரி என் காலைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்குப் பன்னெண்டுண்ணே. பதினெட்டுன்னு சொல்லச் சொன்னாக. ராவுல படுத்தா இழுக்குது, மூச்சு விட முடியல. பஞ்சு உள்ள போயிருச்சுன்னு நெனைக்கிறேன். ஆத்தாகிட்டப் போகணும்ணே, அவுககிட்டச் சொல்லுங்க."

அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தார். விமானம் ஏறி, அவ்வளவு தூரம் கவலையைச் சுமந்து வந்த முகம். பதினெட்டு முடிந்துவிட்டது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் உடல்வாகே இப்படித்தான், வீட்டைவிட இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறதாம் என்றேன். இருமலைப் பற்றிக் கேட்டார். நேற்று மில்லில் விழா, ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், இவள் பக்கத்து ஆள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டாள் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பயந்துகொண்டு வந்தது பொய்யென்று தெரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"ஏண்ணே சிரிக்கிறாக?" என்றாள் பூமாரி.

ஒரு பக்கத்தைச் சிரிக்கவைத்துவிட்டு இன்னொரு பக்கத்தை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

"ஒன்னய வீட்டுக்கு அனுப்பப் போறாக. ஞாயித்துக்கிழம காரு வரும்."

"ஏசி காராண்ணே?"

"ஏசிதான்."

"மத்த பிள்ளைக?"

"எல்லாரும்தான். பெரிய காரு."

அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை அந்தப் பெண்மணி போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லோரையும் போய்க் கேட்கத் தேவையில்லை என்று அன்று சாயங்காலமே மதுரைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் பூமாரி மில் ஹாஸ்டலில் இறந்துபோனாள். செய்தி கேட்டு அந்தப் பெண்மணி திரும்பி வந்தார். தாயைப் பார்க்க வேண்டும் என்றார். கூட யார் போவது? என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மயிலாடும்பாறையில் வாசல் நிறைய ஆட்கள். பூமாரியின் தாய் அக்கம்மாள் அழாமல்தான் பேசினாள்.

"அந்தச் சனிக்கிழம நான் கூப்புடப் போனேன் தம்பி. இழுப்பக் கண்டதும் பணமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வாடின்னேன். வார்டன் பவுனு அக்காவும் கூட்டிட்டுப் போன்னுட்டாக. இவதான் வரமாட்டேன்னுட்டா. நாளைக்கு வெள்ளைக்காரம்மா காரு அனுப்புறாக, சின்னப்பிள்ளைக எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வாரேன், நீ பஸ்ஸுல போ ஆத்தான்னா. நானும் நம்பி வந்துட்டேன். பெறகு தெனமும் பையத் தூக்கிக்கிட்டு கேட்டுலயே நின்னாளாம். காரு ஏன் வரல? அவுககிட்டக் கேளுங்க தம்பி."

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார். மகள் கடைசிவரை உங்களைப் பற்றியே பேசினாளாம்," என்றேன் ஆங்கிலத்தில். இரண்டாவது பாதி உண்மை.

அவர் அக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனார். நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்றார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

"காரு கெளம்பி வந்துச்சாம்மா. உசிலம்பட்டிகிட்ட ரிப்பேராகி நின்னுபோச்சாம். மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாக."

அக்கம்மாள் தலையாட்டினாள். "அதான பாத்தேன். அவுக ஏமாத்த மாட்டாகன்னு எம்மக சத்தியம் பண்ணுனா." முந்தானையால் அந்தப் பெண்மணியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆங்கிலம் தெரிந்த, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து சாபிரா டீச்சர் கூட்டத்தில் நின்றது எனக்குத் தெரியாது.

இனி நீங்கள் கேட்பதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். அம்மாவோடு பஸ் ஏறியிருந்தால் பூமாரி பிழைத்திருப்பாள். ஏறவிடாமல் நிறுத்தியது என் வார்த்தை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் சார். அந்தப் பிள்ளை கேட்டில் நின்றது அத்தனை நாளும் சந்தோஷமாகத்தான் நின்றது. அவ்வளவு சந்தோஷத்தை அந்த மில்லில் அதற்கு வேறு யார் கொடுத்தார்கள்?