நாடாவின் கடைசி நான்கு விநாடிகள்

இந்த ஸ்டேஷன் அறையின் டியூப்லைட்டை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாள் அதன் கீழே இளம்பச்சையாக இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தெரியாது; மனிதக் கண் சமாதானம் செய்துகொள்ளும். கேமரா செய்துகொள்ளாது. என் தொழிலின் தொல்லை முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாகலூர் சாலையில் என் வீடியோ கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண கேசட்டுகளைக் கணினிக்குள் எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறேன். இந்த வேலையில் படம் உள்ளே போகும்போதே நிறத்தைச் சரியாக நிறுத்திவிட வேண்டும். போனபிறகு திருத்த முயன்றால் படம் பொரிபொரியாக உடையும். மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். நிறத்தை நிறுத்த எனக்குத் தேவைப்படுவது ஒன்றே. படம் எடுப்பவன் முதலில் அந்த இடத்து வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத்தாளைக் கேமராவுக்குக் காட்டி, அதற்குரிய பொத்தானை அழுத்தி, அந்தத் தாளை நான்கு விநாடி பதிவு செய்ய வேண்டும். திரையில் தாள் வெள்ளையாக இருந்தால் மற்ற நிறங்களும் உண்மையாக இருக்கும்.

ஜமீர் அகமது எனக்கு மூன்று வருடம் கேமரா பிடித்தான். மூன்று வருடத்தில் ஒரு முறையும் தாளைக் காட்டியதில்லை. அவன் எடுத்த மணப்பெண்கள் காமாலை கண்டவர்களைப் போல வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருத்தியையும் குணப்படுத்த எனக்கு அரை நாள் ஆகும்.

"பொண்ணு மூஞ்சியப் பாப்பாங்களா, பேப்பரப் பாப்பாங்களாண்ணா? நீங்க ஒருத்தருதான் அந்தப் பேப்பரக் கட்டிக்கிட்டு அழுவறீங்க" என்பான். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இனி அந்தக் கேசட்டைப் பற்றி. பித்தளைச் சாமான்களுக்கு முலாம் பூசும் அந்தக் கம்பெனியில், அமிலத் தொட்டியிலிருந்து மஞ்சள் புகை கிளம்பி மூச்சை அடைப்பதாகத் தொழிலாளர்கள் புகார் செய்திருந்தார்கள். புகையை வெளியே இழுக்கும் விசிறி ஆறு மாதமாக ஓடவில்லை. வெறும் நீராவி என்றது நிர்வாகம். ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் தொட்டி மூடியிருக்கும். எனவே தொட்டியில் வேலை செய்த மாடசாமி, தம் பக்கத்து வீட்டுக்காரனான ஜமீரை ஒரு பகல் ஷிஃப்டில் கூலியாள் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார். கேமரா சாப்பாட்டுப் பைக்குள் போயிற்று. படத்தை அதிகாரிக்குப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. புகை வெள்ளையானால் நீராவி. மஞ்சளானால் விஷம், தொட்டியை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கிருந்த சாட்சி நிறம் ஒன்றுதான்.

அதிகாரிக்குப் பிரதி போட்டுத் தரச் சொல்லி ஜமீர் கொடுத்த கேசட்டை ஓட்டினேன். தொடக்கத்தில் தாள் இல்லை. கொட்டகை முழுவதும் மஞ்சள் படர்ந்திருந்தது. வழக்கமான ஜமீர் என்று எண்ணினேன். வெள்ளை என்று நான் அறிந்த பொருள் ஒன்று தேவைப்பட்டது, புகையை எடுத்துக்கொண்டேன். எதைப் பற்றி வழக்கோ அதையே அளவுகோலாக வைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படத்தில் வெளிறியதாக இருந்த வேறு பொருள் மாடசாமியின் பனியன் ஒன்றுதான். புகையை வெள்ளையாக்கியதும் அது நீலமாயிற்று. சொட்டு நீலம் அதிகம் போட்டிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். நிறத்தை நிறுத்தி, வேண்டிய பதினெட்டு நிமிடத்தை மட்டும் உள்ளே எடுத்து, பிரதி போட்டேன்.

மதியம் பஸ் நிலையத்து டீக்கடையில் எட்டுப் பேர் முன்னால் ஜமீரிடம், நீராவியை மஞ்சளாக எடுத்துவிட்டு விஷம் என்று ஊரைக் கூட்டுகிறாயே என்றேன்.

"இல்லண்ணா, இந்தத் தடவ பேப்பர் காட்டனேன். சத்தியமாண்ணா."

"காட்டியிருந்தால் கேசட்டில் இருக்கும்."

"அட, மூணு வருசத்துக்கப்பறம் ஜமீரு பேப்பர் காட்டனானாம்டா" என்றார் ஒருவர். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நிறைவாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

திரும்பி வந்து கேசட்டை மீதமின்றி ஓடவிட்டேன். கடைசி நான்கு விநாடியில் தாள் இருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். தூய வெள்ளை. பொத்தானைத் தொடக்கத்திலேயே முறைப்படி அழுத்தியிருக்கிறான். தாளைப் பதிவு செய்ததுதான் கடைசியில். அவன் குரலும் இருந்தது: "அண்ணா, பேப்பர். பாத்துக்கங்க. இனிமேலாவது திட்டாதீங்க." தாளுக்குப் பின்னால், அதே படச் சட்டத்துக்குள், மஞ்சளும் செம்பழுப்புமாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

மறுபடியும் எடுக்க நாற்பது நிமிடம் போதும். மின்சாரம் இருந்தது. வேறு வேலையும் இல்லை. டீக்கடைக்குத் திரும்பிப் போய் அந்த எட்டுப் பேரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு மாடசாமியின் மனைவி இருளாயி வந்தார். தெற்கே சாத்தூர்ப் பக்கத்துக்காரர்.

"பொகை மஞ்சளாத் தெரியுதாண்ணே? அவரு எச்சி துப்புனாக்கூட மஞ்சளாத்தான் வருது. நாலு நாளா சோறு எறங்கல."

"படம் சுத்தமாக இருக்கிறது" என்றேன்.

"நல்லாயிருப்பீங்க" என்று பிரதியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார்.

அதிகாரி பார்த்துவிட்டு, நீராவி என்று எழுதினார். ஜமீர் என்னிடம் ஓடி வந்தான். "அந்த டேப்பக் குடுங்கண்ணா, பெங்களூருல போட்டுப் பாக்கறேன்." நாளை வா என்றேன். அவன் போனதும் அந்த நாடாவின் மேல், முதலிலிருந்து கடைசி வரை, சோதனைக்கான நிறப்பட்டைகளைப் பதிவு செய்தேன். மறுநாள் எடுத்துக் கொடுத்தேன். அதில் தாளும் இல்லை, புகையும் இல்லை.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் தொட்டிக்குப் புதிய அமிலம் ஊற்றினார்கள். மாடசாமியும் ஆஞ்சப்பன் என்ற உள்ளூர்க்காரரும் மாலையில் இருமிக்கொண்டே நடந்து வீடு போனார்கள். விடியுமுன் இருவரும் மூச்சு முட்டி இறந்தார்கள்.

கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று நேற்று கேட்டீர்கள். ஒன்றும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் உங்களுக்கு எழுத எளிதாக இருந்திருக்கும்.

ஜமீர் இப்போது கேமராவைத் தொடுவதில்லை. தான் தாளைக் காட்டவேயில்லை, காட்டியதாக நினைத்துக்கொண்டதுதான் என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டான். இருளாயியின் காலில் விழுந்து அப்படித்தான் சொன்னானாம். நான் கேள்விப்பட்டேன். போய் மறுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். புகை மஞ்சள் என்று தெரிந்த பிறகே பிரதியைக் கொடுத்தேன். சாட்சி என்று தெரிந்தே நாடாவை அழித்தேன். அந்த இரண்டு பேரும் அதனால்தான் இறந்தார்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வரியை மட்டும் கீழே சேர்க்க வேண்டும், ஐயா. அது விடுபட்டால் வாக்குமூலம் முழுமையாகாது. தாளைத் தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்று அவனிடம் மூன்று வருடம் சொல்லியிருக்கிறேன்.