இரண்டாவது பைலில் இருந்த பெயர்

"நான் ரெண்டாவது பைல்லதான் இருந்தேனா?" என்று பெஞ்சில் இருந்த ஓர் அம்மா கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். நானுஓயா ஸ்டேஷனில் ரயில் தாமதம். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பக்கத்தில் இருந்தவள் அவருடைய அண்ணன் மகள். கொழும்பில் பிரஜாவுரிமைப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை.

"ஆமாங்க அத்தை. பட்டியல் ஒண்ணுதான். ரொம்பப் பெருசாயிட்டதால கம்ப்யூட்டர் அதை டிஸ்க்குல ரெண்டு பைலாப் பிரிச்சு வச்சிருந்திச்சு. புது மெஷினுக்கு மாத்துனவங்க மொதப் பைலை மட்டும் கொண்டுபோயிட்டாங்க."

"அதனாலதான் நான் ஆபீசுக்குப் போன மூணு தடவையும் பேரு இல்லன்னாங்களா?"

"ஆமாங்க. நேத்து ரெண்டாவதையும் சேர்த்துட்டோம். உங்க பேரு வந்துருச்சு."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைய மாதிரி பேரு இல்லன்னு திருப்பி அனுப்புனவங்களுக்கு?"

"எல்லாருக்கும் கடுதாசி போகுது. நான்தான் டைப் அடிக்கிறேன்."

வளைவில் ரயில் தெரிந்தது. அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு பதிஞ்சிருக்குன்னு சொன்னதுக்கு என்னையப் பொய்க்காரின்னு சொல்லித்தான் வெரட்டுனாங்க, புள்ள. அந்தக் கடுதாசியில 'நீங்க சொன்னது நெசம்'னு ஒரு வரி சேர்த்துடு."

"மொத வரியே அதுதாங்க, அத்தை."