காலியாக் கெடக்குற ஏழாவது வரிசை

இல்லமா கிளாரிஸ், சனிக்கிழமை முடியாது. அதான் போன்லயே சொன்னேன்ல? இந்தச் சனிக்கிழமைன்னு இல்ல, எந்தச் சனிக்கிழமையும் முடியாது. மொதல்ல உக்காரு. நின்னுக்கிட்டே கேட்டா கடைக்குச் சம்மான் எழுதி அபராதம் போட வந்த ஆபீசரு மாதிரி இருக்கு. காமாரியா, பிள்ளைக்கு ஒரு தே ஆயிஸ் கலக்கு, ஐஸ் நெறையப் போட்டு, சீனி கம்மியா. பசியாறிட்டியாமா? மீன் கறி இருக்கு, சாயங்காலக் கூட்டம் வர்றதுக்குள்ள சாப்புடு. வேணாமா? சரி, ஒன் இஷ்டம்.

ஃபுட்பால் கிளப்புல ஒங்கப்பா பேரு போட்ட ஜெர்சி குடுக்கறாங்க. பாதி ஆட்டத்துல, கிரவுண்டு நடுவுல வச்சு. நல்ல விசயம், நான் வேணாம்னா சொன்னேன்? இருபத்தாறு வருசம் ஒரு மேட்ச் விடாம போன மனுசன், குடுக்கட்டும். நீ போயி வாங்கிக்க. ஒங்கம்மா சவுந்தரம் அக்காவையும் கூட்டிட்டுப் போ. அவரோட மேட்சுக்குப் போன நாங்க நாலு பேரும் பக்கத்துல நிக்கணும்னு ஏன் இப்படி அடம் புடிக்கற? இந்த அடம் அப்படியே ஒங்கப்பா பால்ராஜண்ணன் அடம்.

மத்தவங்கள கேட்டுட்டியா? தங்கராஜு என்ன சொன்னான்? முட்டி வலியா? நேத்து பாசார்ல ரெண்டு கையிலயும் காய்கறிப் பை தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால போனான். சரி, வலிக்கும் போல. ஸுல்கிஃப்லி? மக கல்யாணமா! அவனுக்கு ரெண்டும் பையனாச்சேமா... ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல. அவன் குடும்ப விசயம் எனக்கு என்ன தெரியும். அர்ஜுனன் போனையே எடுக்கலயா. எடுக்க மாட்டான்.

ஏன் யாரும் போறதில்லன்னா, இப்ப எவன் போறான் சொல்லு? டீம் லீக்ல மொதல் எடத்துல இருக்கு, உள்ளூர்ல பதினோரு மேட்ச் தோக்கல, ஆனா ஸ்டேண்டு பாதிக்கு மேல காலி. நாங்க மட்டுமா? டிக்கெட்டு போன்லதான் வாங்கணுமாம். கொட்டு அடிக்கணும்னா கடுதாசி குடுக்கணுமாம். தண்ணி போத்தல் கொண்டு போகக் கூடாது. காடி நிப்பாட்ட எடம் இல்ல, ரோட்டோரம் விட்டா சம்மான். ஆட்டக்காரங்க பேரும் வாயில நுழைய மாட்டேங்குது, ஒருத்தன் பேரு படிக்கறதுக்குள்ள அடுத்தவன் வந்துடறான். இதெல்லாம் எதுக்குலா? வீட்டுல உக்காந்தா டீவில வருது.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. தோத்துக்கிட்டே இருந்தாங்க பாரு, அப்பதான் நாங்க தேவை. மழையில முந்நூறு பேரு இருப்போம். நம்ம சத்தம் போடலன்னா பையனுங்க பாதியிலயே வீட்டுக்குப் போயிடுவானுங்கன்னு தோணும். ஒங்கப்பா தொண்டை கட்டி மறுநாள் வேலைக்கு லீவு போடுவாரு. இப்ப என்ன? நாம கத்துனாலும் ஜெயிக்கறான், கத்தலன்னாலும் ஜெயிக்கறான். போங்கடான்னு விட்டாச்சு.

டீவியா? ஆமா, கடையில டீவி இருக்கு. அதுக்கென்ன இப்ப? மேட்ச் நேரத்துல நான் பேட்மின்டன் போடறேன்னு ஒனக்கு யாரு சொன்னா? காமாரியாவா? கட்டுன நாள்லேர்ந்து இவளுக்கு வாய் சும்மா இருக்காது. சரிமா, மேட்ச் போடறதில்ல. என் கடை, என் டீவி. நான் எதப் பாக்கணும்னு நீ என்ன கோர்ட்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்கற?

கோவிக்கல. கோவிக்கலமா. உக்காரு.

என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு. மறந்துட்டோமா? ஒங்கப்பாவ நாங்க மறந்துட்டோமா? வாயக் கழுவு கிளாரிஸ். நீ ஜோகூர்ல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்த. இங்க அவரத் தூக்குனது நாங்க நாலு பேரு. ஆஸ்பத்திரியில நின்னது நாங்க. ஒனக்குப் போன் போட்டது நான். விழுந்த ஒடனே போயிட்டாரும்மா, ஒண்ணும் கஷ்டப்படலன்னு சொன்னதும் நாந்தான். மறந்துட்டோம்னு சொல்ற. பதினாலு மாசமா ராத்திரி நான் படுத்துத் தூங்கறனான்னு அவளக் கேளு. இல்ல, அவளக் கேக்காத. அவளுக்குத் தெரியாது.

காமாரியா, உள்ள அந்த வெங்காயத்த நறுக்கிடு, நேரமாச்சு. போ, நான் பாத்துக்கறேன்.

ஒனக்கு ஒங்கப்பா பெனால்டி வழக்கம் தெரியுமா? பெனால்டி வந்தா அவரு பாக்க மாட்டாரு. சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவுல, சிமெண்டு தரையில குத்தவச்சு உக்காந்துடுவாரு. ஜெர்சியத் தூக்கித் தலைய மூடிக்குவாரு. புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில்ல வாங்குன ஜெபமாலை கையில இருக்கும். முடியற வரைக்கும் அப்படியே இருப்பாரு. ஒரு வருசம் ஸுல்கிஃப்லி, பாதியில அவர் தோள்ல தட்டி, கோலாயிடுச்சு அண்ணே, பாருங்கன்னுட்டான். அடுத்த அடி கம்பத்துல பட்டுப் போச்சு. அந்தத் தோல்வியோட கீழ் லீக்குக்கு எறங்குனோம், மேல வர ஆறு வருசம் ஆச்சு. அன்னிக்கு நான் சட்டம் போட்டேன். பெனால்டி நேரத்துல பால்ராஜண்ணன எவனும் தொடக் கூடாது. அவரும் எங்கள தொடக் கூடாது. பேசக் கூடாது. சிரிக்காத, நாங்க அப்படித்தான். ஒரு தடவ அவர் மேல தேத்தண்ணி கொட்டிச்சு, அப்பக்கூட நாங்க தொடல, அவரும் அசையல.

அன்னிக்குக் கப்பு ஃபைனல். கூடுதல் நேரமும் முடிஞ்சு, ரெண்டுக்கு ரெண்டு. பெனால்டின்னு ரெஃப்ரி கையக் காட்டுனதும் ஒங்கப்பா வழக்கம் போல கீழ எறங்கிட்டாரு. ஸ்டேண்டு பூரா நிக்குது. நாங்க கோல் கம்பத்தையே பாத்துக்கிட்டு இருக்கோம். பின் வரிசையில ஒரு சீனக் கிழவரு இருப்பாரு, பழக்கமானவருதான். அவரு என் முதுகத் தட்டி, ஏய், ஒங்க ஆளு சாஞ்சு கெடக்கறாருங்கற மாதிரி மலாய்ல சொன்னாரு. நான் திரும்பக்கூட இல்ல. எப்பவும் அப்படித்தான் அங்கிள், தொடாதீங்கன்னேன். பாவம், அவரும் கைய இழுத்துக்கிட்டாரு.

அஞ்சாவதும் உள்ள போச்சு. ஜெயிச்சுட்டோம். முப்பது வருசமா கப்பு பாக்காத ஊரு, நீயே நெனச்சுப் பாரு. தங்கராஜு கொட்ட அடிச்சே ஒடச்சுட்டான். அர்ஜுனன் என்னக் கட்டிப் புடிச்சு அழறான். நாங்க அந்த ஏழாவது வரிசையில குதிச்சோம்மா. அவரு காலுக்குக் கீழ கெடக்கறாரு, நாங்க அவரச் சுத்திக் குதிச்சுக்கிட்டு இருந்தோம். கப்பு வாங்க மேடை போடற வரைக்கும். அப்பதான் ஸுல்கிஃப்லி குனிஞ்சு, அண்ணே, எந்திரிங்க, இப்ப தொடலாம்னு சட்டையத் தூக்கினான்.

அழாதமா. டிஷ்யூ எடுத்துக்க. இதுக்குத்தான் நான் சொல்லாம இருந்தேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, எத்தன மணிக்கு விழுந்தாருன்னு. நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தோம். எந்த பெனால்டிய எவன் அடிச்சான், எந்த மூலையில அடிச்சான், நாலு பேரும் வரிசையாச் சொல்லுவோம். நம்ம ஆளு எப்ப சாஞ்சாருன்னு தெரியல. டாக்டரு பேனாவ வச்சுட்டு எங்க ஜெர்சியப் பாத்தாரு. அந்த வாரத்துக்கப்புறம் ஒருத்தனும் ஸ்டேடியம் பக்கம் போகல. கிளப்பு மேலயோ டீம் மேலயோ எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்த வரிசையில நின்னு, கோலுன்னு ஒருத்தன் குதிச்சா, எங்களால காலத் தூக்க முடியாது. அவ்வளவுதான். இப்ப தெரிஞ்சுதா? அவனுங்க பொய் சொன்னதுக்கு மன்னிச்சுடு. ஒம்மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்லுவானுங்க.

என்னது? தப்பு இல்லயா? யாருக்கும் தெரியாம நடந்ததுன்னு சொல்றியா? நல்ல பிள்ளமா நீ. அப்பா கோவிக்க மாட்டாரு, வந்து நில்லுங்க அங்கிள்னு சொல்ற. போயி அவனுங்ககிட்ட இதையே சொல்லு. தங்கராஜு வருவான். ஸுல்கிஃப்லியும் வருவான், நீ இப்படிச் சொன்னா கட்டாயம் வருவான். அவனுங்களுக்குத் தெரியாது, உண்மைதான். அவனுங்களக் கூட்டிட்டுப் போ.

நானா? இரு, போகாத. இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லிடறேன், இல்லன்னா நீ சனிக்கிழமை காலையில மறுபடி வந்து நிப்ப.

டாக்டரு கேட்ட நேரம் எனக்குத் தெரியும். மூணாவது பெனால்டி. நம்ம பையன் பந்த வச்சுட்டு பின்னால நடந்துக்கிட்டு இருந்தான். ஒங்கப்பா கீழ இருந்து என் காலப் புடிச்சாரு. வலது காலு, இந்த எடம். மொதல்ல மெதுவா, அப்புறம் பேண்ட்டச் சுருட்டிப் புடிச்சு ரெண்டு தடவ இழுத்தாரு. எனக்குக் கோவம் வந்துச்சு கிளாரிஸ். தொடக் கூடாதுன்னு தெரிஞ்சும் இந்த மனுசன் இந்த நேரத்துல தொடறாரேன்னு கோவம். கால வெடுக்குன்னு உதறிட்டேன். குனிஞ்சுகூடப் பாக்கல. அவரு கை விட்டுடுச்சு.

இப்ப நீ சொல்லுமா. சனிக்கிழமை நான் ஒம்பக்கத்துல வந்து நிக்கவா?