முள்ளம்பன்றி கடித்த எலும்பைப் படித்தவர்

கீழ்பென்னாத்தூர் ஈன்ற கேண்மையே, திருவண்ணாமலையில் எங்கள் விலங்கியல் துறையை முப்பத்தோர் ஆண்டுகள் முன்னின்று நடத்திய பேராசிரியர் மதிவதனி அம்மையீர், வணக்கம்!

நம் மலையடிவாரச் செம்மண்ணில் புதைந்த எலும்பு காலப்போக்கில் கரைந்துவிடும். சுண்ணாம்புக் குகையிலோ, சொட்டும் நீரே வெள்ளைப் போர்வை போர்த்தி மாண்டதை மறையவிடாமல் காக்கும் என்று கற்பித்தீர்கள். ஆந்தை கக்கிய எலி எலும்பும், சிறுத்தை இழுத்துவந்த மான் தொடையும், தவறி விழுந்த ஆட்டின் தலையும் அங்கே அடுக்கடுக்காய்ச் சேரும் என்றீர்கள். அக்கல்வி இரண்டு உயிர்களை மீட்டதைத் தங்கள் பணிநிறைவு விழாவில் கூடிய இந்த அவை அறியட்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு சுண்ணாம்புப் பள்ளத்தாக்கில், கிணறு போன்ற குழிக்குள் தாங்களும் ஆய்வக உதவியாளர் சடையனும் கயிற்றில் இறங்கினீர்கள். கயிறு கட்டிய மரம் வேரோடு பெயர, கயிறும் உள்ளே விழுந்தது. சடையனின் கணுக்கால் பிசகியது. மேலே வட்டமாய் வானம். கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. சுற்றிலும் வெள்ளாட்டு எலும்புக்கூடுகள், ஒரு விலாவும் குலையாமல், விழுந்தவை விழுந்த இடத்திலேயே கிடந்தன. விழுந்தது எதுவும் வெளியேறியதில்லை என்பது சடையனுக்கும் புரிந்தது. அவர் அழுதார்.

தாங்கள் கைவிளக்கோடு ஒவ்வோர் எலும்பாகத் தொட்டுப் பார்த்தீர்கள். கிழக்குச் சுவரோரம் கிடந்த நான்கில் மட்டும் உளியால் சீவியது போன்ற பல்வரிகள்.

“இது முள்ளம்பன்றி கடிச்சது, சடையன். அது மேல இருந்து விழல, விழுந்திருந்தா அதோட எலும்பும் இங்க கிடக்கும். நடந்து வந்திருக்கு.”

பல்வரி பட்ட எலும்புகளைத் தொடர்ந்துபோய், பாறை மறைவில் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஒரு பொந்தைக் கண்டீர்கள். அதற்கு மூன்று முழம் இப்பால், சுவரோடு சுண்ணாம்பு பூத்து ஒட்டியபடி, ஒரு மனித எலும்புக்கூடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. முகம் வானத்தை நோக்கியிருந்தது. பொந்து அவர் முதுகுப்புறம் இருந்தது.

சடையனை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வெளியேறிய தாங்கள், மறுவாரமே காவல்துறையோடு திரும்பினீர்கள். இறந்து நூறாண்டுக்கு மேலிருக்கும், உரிமை கோர எவருமில்லை என்று முடிவாயிற்று. அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றோம் நாங்கள்.

“வழி தெரியாம உட்கார்ந்தவருங்க அவரு. மறுபடியும் அடைக்க வேணாம்” என்றீர்கள்.

பெயரறியா அவரை அந்தப் பொந்தின் வழியாகவே வெளியே கொண்டுவந்து, வெயில் படும் மேட்டில் அடக்கம் செய்தீர்கள்.

அம்மையீர், பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலைக் கிரிவலப் பாதையில் தாங்கள் நோயின்றி முன்னே நடக்க, நாங்கள் நெடுங்காலம் பின்னே வர வேண்டும்.

தங்கள் அன்பில் என்றும்,
விலங்கியல் துறையினர்