மேலாளர் அறையில் வீசிய தென்றல்

போன ஆண்டுவரை மூக்கில் கைக்குட்டையோடு காட்சி தந்து, இன்று முழுமுகத்தோடு முறுவலிக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! துவைத்ததையே மறுபடி துவைத்துத் தோள் தேய்ந்த தாய்மார்களே! வணக்கம்.

நான் சலவைக்கடைக்காரன். சுருக்கம் எடுக்கத் தெரியும். சுருக்கமாகப் பேசத் தெரியாது. பொறுத்தருள்க.

நம் தெருவுக்குப் பின்னால் சிமென்ட் ஆலை. வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டால் வெயிலில் காய்வதற்குள் சாம்பல் சட்டை! திட்டு யாருக்கு? ஆலைக்கா? எனக்கு! மனு எழுதினேன். மனுமேல் மனு எழுதினேன். கடைசியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று வந்து இறங்கியது. மக்கள் வாழும் தெருவில், மொட்டைமாடியில் வைக்க வேண்டும் என்பது விதி. எங்கே வைத்தார்கள்? ஆலை மேலாளரின் குளிரூட்டிய அறையில்!

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த அறையைப் பெருக்குபவள் என் மனைவியின் தங்கை. "தினமும் அதைத் துடைச்சு, சுத்தி வாசனைத் தண்ணி அடிக்கச் சொல்றாங்க மாமா. சன்னலைத் தொட்டா வேலை போயிடும்" என்றாள்.

விளைவு? மாவட்டத்திலேயே மாசற்ற காற்று நம் ஊர்க் காற்று! ஐந்தாண்டு தொடர்ந்து முதலிடம்! இருமிக்கொண்டே கேடயம் வாங்கினோம், நினைவிருக்கிறதா? அந்தச் சான்றுகளில் கையெழுத்திட்டவர் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி.

இனிமேல்தான் விதி விளையாடுகிறது. அதிகாரி ஓய்வு பெற்றார். நுரையீரல் நலிந்திருக்கிறது, நல்ல காற்றுள்ள ஊருக்குப் போங்கள் என்றார் மருத்துவர். நல்ல காற்று எங்கே? தம் துறையின் பட்டியலைப் புரட்டினார். முதலிடத்தில் நாம்! மனைவியோடும் மூட்டை முடிச்சோடும் என் கடைக்கு எதிர்வீட்டில் வந்து இறங்கினார்.

சிரிக்காதீர்கள் அம்மா, அவர் பத்தே நாளில் படுத்துவிட்டார்.

எழுந்ததும் என்னிடம் வந்து, சட்டையை அடுப்பிலா காயப்போட்டாய் என்று கேட்டார். நான் கொடியைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். விரல் கறுத்தது. முகம் வெளுத்தது. நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அவரிடம் வேலை கற்ற இளைய அதிகாரி எழுந்து நின்று, நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, கோப்பைப் பயபக்தியோடு படித்துக் காட்டினாராம்: இவ்வூர்க் காற்று முதியோர்க்கும் மழலையர்க்கும் உகந்தது.

"ஐயா, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க வார்த்தையை நான் எப்படி மீறுறது?"

திரும்பி வந்து என் கடைப் பலகையில் உட்கார்ந்தார். பக்கத்தில் என் மகள், வாயில் மூச்சு மருந்துக் குழாயும் மடியில் வீட்டுப்பாடமுமாக. எத்தனை வருடமாக என்று கேட்டார். நாலு என்றேன். அந்த நாலு என் இஸ்திரிப் பெட்டியைவிடக் கனத்தது.

அடுத்த மாதம் ஆலைக்கு இரண்டாவது புகைபோக்கி வேண்டும் என்று மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மேலாளர் சான்றிதழை உயர்த்திப் பிடித்தார். அதிகாரி எழுந்தார்.

"அது என் கையெழுத்துதான். ஆலைக்காரங்ககிட்ட ஒரு காரை வாங்கிக்கிட்டுப் போட்டேன். கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன். மொத்தமும் பொய்யா இருக்கும்னு நினைக்கல. கருவியை நான் கண்ணால பாத்ததே இல்ல. வாங்க, இப்பப் பாக்கலாம்."

கூட்டமே கிளம்பியது! மேலாளர் அறை கொள்ளவில்லை. கைக்குழந்தையைத் தூக்குவதுபோலக் கருவியைத் தூக்கிவந்து நம் தெரு மொட்டைமாடியில் வைத்தோம். ஒரு மணி நேரம் ஆகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது புகைபோக்கி கனவானது. முதலாவதற்குத் தூசு வடிகட்டி வந்தது.

அவர் கதி என்ன என்கிறீர்களா? காரைப் பறிமுதல் செய்தார்கள். ஓய்வூதியத்தில் பாதியை நிறுத்தினார்கள். வழக்கு நடக்கிறது. இன்று இங்கே வந்திருக்கிறார், பேருந்தில். அவருக்குக் கைதட்ட வேண்டுமா? தம் பங்குக்கு இன்னும் இருமி முடிக்கவில்லை, அதுவரை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அன்பர்களே! அளக்கும் கைக்குக் கையூட்டுக் கொடுக்கலாம். அள்ளிக் குடிக்கும் நுரையீரலுக்குக் கொடுக்க முடியுமா? கோப்புகளை வளைக்கலாம், காற்றை வளைக்க முடியுமா? அதிகாரி மாறுவார், ஆலைக்காரர் மாறுவார், வடிகட்டியை ஒருநாள் அணைத்துவைக்க எவருக்காவது ஆசை வரும். ஆகவேதான் வாரம் ஒரு வீட்டார் மாடி ஏறிக் கருவி காட்டும் எண்ணைப் பார்க்கிறோம். போன வாரம் எங்கள் முறை. இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறி, மேலிருந்து என் மகள் எண்ணைக் கூவினாள். கீழே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலுக்கு நடுவில் ஓர் இருமல்கூட இல்லை!

இந்த வாரம் தலைவர் வீட்டு முறை. படி ஏறத் தயாராகுங்கள் ஐயா. செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. மூச்சு முட்டாமல் சொல்கிறேன், வணக்கம்.