ஸ்டூலில் உட்கார்ந்த சேலை

"கடையில நாங்க உக்கார ஸ்டூல் போட்டிருக்காங்கக்கா. ஆனா அதுல சேலைதான் உக்காந்திருக்கு."

அரியலூரிலிருந்து திருமழபாடி போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்குப் பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடைப் பெண் சொன்னாள். கேட்டவள் காய்கறிப் பையோடு நின்ற ஒரு அக்கா.

"டாக்டர் என்னதான்டி சொன்னாரு?"

"ரத்தம் மேல ஏறாம கால்லயே தங்குதாம். அதான் நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. நின்னாலும் சும்மா நிக்காத, குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குன்னாரு. செஞ்சேன். மேனேஜர் பாத்துட்டு, கஸ்டமர் முன்னாடி என்னம்மா ஆட்டம்னு கேட்டாரு."

"இறுக்கமா சாக்ஸ் குடுப்பாங்களே?"

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனாலும் கணுக்கால்கிட்ட தோலு கறுத்துக்கிட்டே வருது. புண்ணாயிடுமோன்னு பயமா இருக்குக்கா."

"வூட்ல காட்டுனியா?"

"காட்டுனா வேலைய வுடச் சொல்லுவாங்க."

கீழப்பழுவூரில் பாதிக் கூட்டம் இறங்கியது. எதிரே ஒரு சீட் காலியானது. அந்தப் பெண் சட்டென்று தன் கைப்பையை அதில் வைத்துவிட்டு, நின்றபடியே பேச்சைத் தொடர்ந்தாள்.

"அடியே, பைக்கா கால் வலி? நீ உக்காரு."

பையை எடுத்தாள். பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.